எட்டு ஃப்ளாப்பிக்கும் குங்குமம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் ஒரு வருஷம் வெறும் ஆணியைப் பார்த்து மணி சொன்னவள் நான். எண்பதுகளின் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெரிந்ததும் மற்றவர்கள் வேலை போய்விடுமோ என்று கூடிக் கூடிப் பேசினார்கள். நான் மட்டும் அது எப்போது வரும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது வரைபடப் பதிவுப் பிரிவு. தொழிற்சாலையில் செய்யும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரைபடம், ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஓர் எண். பட்டறையிலிருந்து யாராவது எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தால், தலையணை தடிமனுக்கு இருக்கும் பதிவேடுகளைப் புரட்டி, அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் நொடியில் தேடலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். எங்கள் செக்ஷன் ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கையெழுத்துப் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

"ஆறு மாசம் டயம் குடுத்திருக்காங்க," என்றார். "அப்புறம் ஜி.எம். வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லேன்னா மெஷின் மாடிக்குப் போயிடும். பார்த்துக்கம்மா."

மாடி என்றால் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டிய குளிர்ந்த அறை. எங்களைப் போன்றவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. மெஷின் அங்கே போனால் அதை நான் மறுபடி தொடப் போவதில்லை, பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மெஷின் வந்தது. அதற்குள் எதுவும் தங்காது என்பது முதல் ஆச்சரியம். சுவிட்சை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். முகப்பில் மேலும் கீழுமாக இரண்டு வாய்கள். மேல் வாயில் புரோகிராம் ஃப்ளாப்பி, கீழ் வாயில் நாங்கள் அடித்த விவரங்கள் இருக்கும் ஃப்ளாப்பி. ஃப்ளாப்பி என்பது சதுரமான மெல்லிய கறுப்பு உறை. நடுவில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ பளபளக்கும். அதில் விரல் படவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். படக் கூடாது என்றார்களே தவிர, ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

புரோகிராம் போட மாடியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்த ஃப்ளாப்பியை மெஷின் படிக்கவில்லை. இன்னொன்று கொண்டுவந்தார். அதையும் படிக்கவில்லை. மறுபடி முயலவா, நிறுத்தவா, கண்டுகொள்ளாமல் விடவா என்று திரையில் கேட்டது. எங்கள் ஆபீசில் எந்தக் கோப்புக்கும் இந்த மூன்று வழிதானே உண்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மெஷினில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் விடவில்லை. காலையில் படிக்காத ஃப்ளாப்பியை மத்தியானம் படித்தது. மறுநாளும் அப்படியே. மெஷின் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறினால்தான் மாடியில் எழுதிய ஃப்ளாப்பி அதற்குப் புரிகிறது என்று நாலாம் நாள் கண்டுபிடித்தேன். நன்றாகச் சூடேற விட்டு, எங்கள் மெஷினிலேயே புரோகிராமைப் புது ஃப்ளாப்பிக்குக் காப்பி எடுத்தேன். அதற்குப் பிறகு காலையிலும் தடங்கல் இல்லாமல் ஓடியது. தன் கையெழுத்து தனக்குப் புரியாமல் போகுமா? அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, "அக்கா காலு தரையில படல," என்று கேலி செய்தாள் பக்கத்து மேசைப் பெண். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. நான் எண்களைப் படிக்க அவள் அடிப்பாள், அவள் படிக்க நான் அடிப்பேன்.

ஆறு மாதத்தில் நாலு ஃப்ளாப்பி நிறைந்தது. சனிக்கிழமை தோறும் ஒவ்வொன்றுக்கும் காப்பி எடுத்தேன். ஆக மொத்தம் எட்டு. காப்பியை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று மாடிக்காரர் சொல்லியிருந்தார். வேறு இடம் எங்கே இருக்கிறது? எங்கள் தொழிற்சாலையில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட கேட்டைத் தாண்டி எடுத்துப் போக முடியாது. எட்டும் ஒரே டப்பாவில், என் மேசை டிராயரில் இருந்தன.

ஜி.எம். வருவது தசரா கழிந்த திங்கட்கிழமை என்று தெரிவித்தார்கள். அதற்கு முந்தைய புதன்கிழமை ஆபீசில் ஆயுத பூஜை.

பூஜை என்றால் எங்கள் ஆபீசருக்குத் தனி உற்சாகம். டைப்ரைட்டர், காகிதத்தில் துளை போடும் பஞ்ச், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்பு என்று ஒன்றையும் விடமாட்டார். நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆறு மாத உழைப்பும் சரஸ்வதி முன்னால் இருக்கட்டும் என்று பட்டது. அதற்கு உறை எதற்கு என்று காகித உறைகளையும் கழற்றிவிட்டு எட்டு ஃப்ளாப்பிகளையும் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினேன். புரோகிராம் ஃப்ளாப்பி மட்டும் மெஷினுக்குள்ளேயே இருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஆபீசர் கொஞ்சம் நின்று பார்த்தார். கறுப்புச் சதுரத்தில் எங்கே பொட்டு வைப்பது? அவர் கண்ணுக்கு அந்த நீள்வட்டத் திறப்புதான் நெற்றியாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

நாலு வைத்ததும் பக்கத்து மேசைப் பெண், "சார், மீதி நாலும் அதேதான், காப்பி," என்றாள்.

"அதனால என்ன? ஒண்ணுக்கு வெச்சுட்டு இன்னொண்ண விட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சுண்டலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை.

சனிக்கிழமை காலை மெஷினைப் போட்டு, கடைசியாக அடித்துக்கொண்டிருந்த நாலாவது ஃப்ளாப்பியைக் கீழ் வாயில் செருகினேன். கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டது. மறுபடி முயலவா என்று கேட்டது. முயன்றேன், ஏழெட்டு முறை. பிறகு, அதற்குத்தானே காப்பி என்று அதன் காப்பியையும் செருகினேன். அதே சத்தம். வெளியே எடுத்தபோது திறப்பில் ஒரு சிவப்பு வளையம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மிச்ச ஆறும் காய்ந்த பொட்டோடு தாம்பாளத்தில் மங்களகரமாக உட்கார்ந்திருந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டே யோசித்தேன். நான் அரைக்காத ஆறில் பொட்டு இன்னும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது எதனால் ஆனது என்று தெரிந்தால் அதைக் கழுவ முடியுமா என்று தெரிந்துவிடும். புதுப் பெட்டியிலிருந்து வெற்று ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து பிளேடால் ஓரத்தை அறுத்தேன்.

"கைக்கு அக்கா நல்ல சாமான அறுக்கறீங்க? நக்கோ," என்றாள் பக்கத்து மேசைப் பெண்; எதற்கு, வேண்டாம் என்பதெல்லாம் அவளுக்கு ஹைதராபாத் உருதுவில்தான் வரும். சொல்லிவிட்டு அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே வெள்ளையாக மெல்லிய துணி ஒட்டியிருந்தது. அதற்கு நடுவே துவளத் துவள ஒரு பழுப்பு வட்டு. இவ்வளவு மெலிதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வரைபடம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கோடோ புள்ளியோ எதுவும் இல்லை. குழாயடிக்குக் கொண்டுபோய் நனைத்தேன். நிறம் கரையவில்லை. ஆனால் உலர்ந்ததும் எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் வெள்ளைத் திட்டு விட்டது. அப்படியானால் தண்ணீரால் கேடில்லை, உப்பு இல்லாத தண்ணீர்தான் வேண்டும். பாட்டரி அறையில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக இருக்குமே.

அவள் ஓடிப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, கீழ் வாயை என்னால் எட்டிய மட்டும் துடைத்தேன். பிறகு முதல் ஃப்ளாப்பியை அறுத்து, வட்டை ஓரம் பிடித்து எடுத்து, அவள் கைப்பையிலிருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அலசினேன். சந்தனம் கரைந்து இறங்கியது. ஃபைல் கிளிப்பில் மாட்டி ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டேன். உலர்ந்ததும் அறுத்து வைத்திருந்த வெற்று உறைக்குள் நுழைத்துக் கீழ் வாயில் செருகினேன். மேல் வாயில், காப்பி எடுத்துக்கொள்ளப் புது ஃப்ளாப்பி.

மெஷின் கொஞ்சம் முனகியது. பிறகு சாதாரணமாகப் படிக்க ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே பிழைத்தன. நாலாவதையும் அதன் காப்பியையும் கழுவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புப் பூச்சு உரிந்து ஒரு வளையத்தில் மட்டும் அந்தப் பக்கம் தெரிந்தது. இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத எழுத்து, போன பிறகு போன இடம் தெரிந்தது. இரண்டும் கிளிப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது ஆபீசர் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது?"

"தூசி, சார். துடைச்சுட்டிருக்கோம்."

அவர் வட்டைப் பார்த்தார், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் படிந்திருந்த சிவப்பைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஜி.எம். வந்தார். நாங்கள் சொன்ன இரண்டு எண்களுக்கும் அலமாரி, தட்டு எல்லாம் திரையில் வந்தன. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மூன்றாவது எண்ணைக் கொடுத்தார். அது நாலாவது ஃப்ளாப்பியில் இருந்த எண். இல்லை என்றது மெஷின். ஏன் இல்லை என்று கேட்டார். பூஜையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அவசரத்தைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. ஃப்ளாப்பி கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். காப்பி எங்கே என்றார். அதுவும் என்றேன். அப்படியானால் மெஷின் மாடியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசர் அவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு வணக்கம் சொல்லாமல் பஸ் ஏறினேன். மறுநாள் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் பழைய பதிவேட்டை எடுத்தேன்.

புதன்கிழமை ஒரு ஃபைல் வந்தது, நான் பார்த்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுவதற்காக. உள்ளே ஆபீசரின் கையெழுத்தில் ஒரு பக்கக் குறிப்பு, ஆபீஸ் பாஷையில் நோட்டு. பொதுத்துறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த பிரிவின் தப்பை ஃபைலில் எழுதுவார்கள், போய்ச் சேர்ந்தவர்களின் தப்பையும் எழுதுவார்கள். தன் தப்பைத் தானே எழுதி மேலே அனுப்பியவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஆயுத பூஜையன்று எட்டு ஃப்ளாப்பிகளுக்கும் குங்குமம் இட்டவன் நான். அவை அதனால்தான் கெட்டன. உதவியாளர் தன் முயற்சியால் மூன்றை மீட்டார். மெஷின் மீதோ அவர் மீதோ குற்றமில்லை. மெஷின் இந்தப் பிரிவிலேயே இருக்க வேண்டும். இனி ஒரு செட் பூஜையில் கலந்துகொள்ளாது. அது என் பீரோவில் இருக்கும்."

கீழே பச்சை மையில், சரி என்று ஒரே சொல்லும் ஜி.எம்.மின் சுருக்கொப்பமும்.

ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். "நாலாவத நான்தான் திரும்பத் திரும்பப் போட்டு அரைச்சேன், சார். அதோட காப்பியையும். அது உங்க தப்பு இல்ல," என்றேன்.

"தெரியும்மா," என்றார் அவர், டிராயரில் பீரோச் சாவியைத் தேடிக்கொண்டே. "அதையும் எழுதியிருந்தா நோட்டு ரெண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கும்."