அருள்மொழியின் சர்வதேச அனுபவம்

பட்டாபிராமில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் எம்.ஏ. பொது நிர்வாகம் படித்தாள் அருள்மொழி. பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பட்டம் வாங்க வேண்டுமென்றால் சர்வதேசத் தொடர்புள்ள ஓர் அலுவலகத்தில் வேலை அனுபவம் பெற்றே தீரவேண்டும் என்று கல்லூரியில் விதி வைத்திருந்தார்கள். விதி வைக்கிறவர்களுக்கு என்ன, வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாமா சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் பறந்தார்கள். அருள்மொழியின் மாமா ஆவடியில் இருந்தார்.

கடைசியில் வானகரத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில் அவளுக்கு இடம் கிடைத்தது. புறநகர்த் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் போட்டுத் தருகிற ஐரோப்பிய அறக்கட்டளை அது. இங்கே அதற்குப் பொறுப்பு ஸ்வாதி; கோயம்புத்தூரிலிருந்து வந்து பக்கத்திலேயே ஃபிளாட் வாங்கிக் குடியேறியவள். தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர்க் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதும், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் அருள்மொழியின் வேலை.

தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரயில்வே லைனுக்குப் பின்னால் அவள் வீடு இருக்கிற தெருவில் போர் போட்டால் மஞ்சள் தண்ணீர்தான் வரும். அதில் துவைத்த வெள்ளைச் சட்டை அதற்குப் பிறகு வெள்ளைச் சட்டை இல்லை. குடிக்க லாரிதான் கதி. லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. அவள் அம்மா கெங்கம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். லாரி வருகிற அன்றெல்லாம் தாமதமாகப் போய், மகன் வயசு சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வருவாள்.

இந்தத் தெருவுக்கு எப்படியாவது குழாய் வந்துவிட வேண்டும். அருள்மொழிக்கு அது ஒன்றுதான் ஆசை, பட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் சொந்தத் தெருவுக்கு யாரும் சிபாரிசு செய்யக் கூடாது என்பது அந்த அலுவலகத்தில் கண்டிப்பான சட்டம். அவள் அது தன் தெரு என்று சொல்லாமல், பட்டியலில் பத்துத் தெருக்களோடு பதினோராவதாகத் தன் தெருவையும் சேர்த்துவிட்டாள். மற்றதெல்லாம் கழிந்து, அவள் தெருவும் அண்ணனூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றும் மிஞ்சின. இரண்டில் ஒன்றுக்குத்தான் குழாய். நேரில் பார்த்து முடிவு செய்ய ஹெல்கா என்ற பெரிய அதிகாரி ஐரோப்பாவிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது.

ஹெல்கா தெருவுக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அருள்மொழி அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குக் குழாய் போடற எங்க ஆபீஸ்காரங்க நம்ம தெருவுக்கு வர்றாங்கம்மா. என்னை யாரும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அவங்க திருப்தியாப் போனாதான் எனக்கு நல்ல மார்க்கு."

திருப்தி என்ற அந்த ஒரு சொல் போதாதா கெங்கம்மாளுக்கு?

மறுநாள் காரிலிருந்து இறங்கிய அருள்மொழி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் தெரு எங்கே போயிற்று? முனையில் வருஷம் முழுக்க வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்களில் ஒன்றைக்கூடக் காணோம். வாசலுக்கு வாசல் கோலம். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நாற்காலி போட்டு, அதன்மேல் புத்தம்புதிதாக ஒரு தண்ணீர் கேன். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் நின்றார்கள். கெங்கம்மாள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். எவர்சில்வர் டம்ளரை விளக்கி, கேன் தண்ணீரை ஊற்றி, முதல் ஆளாக ஹெல்காவிடம் நீட்டினாள். ஹெல்கா குடித்துவிட்டுத் தண்ணீர் ரொம்ப ருசி என்றாள்.

தண்ணீருக்கு என்ன கஷ்டம் என்று ஹெல்கா கேட்டாள். அருள்மொழி தமிழில் கேட்டாள். கேட்கும்போதே கண்ணால் கெஞ்சினாள்.

"கஷ்டமா? இன்னா கஷ்டம்? ஒரு கொறையும் இல்லம்மா. நாங்கெல்லாம் நல்லா கீறோம்" என்றாள் கெங்கம்மாள்.

எதிர்வீட்டுத் தாயம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "தண்ணி லாரி ஊட்டாண்டயே வந்துடும் மேடம். கூல்ரிங்ஸ் எடுத்துக்கினு வரட்டா?"

வந்தவர்களிடம் இல்லாமையைக் காட்டுகிற பழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போடுகிற ஜனங்கள். அருள்மொழியின் மானம் தங்கள் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் பக்கத்தில் ஸ்வாதி நின்றாள், தமிழ் தெரிந்தவள். ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல முடியுமா? ஒரு குறையும் இல்லை என்பதைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள் அருள்மொழி. அம்மா அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

ஹெல்காவை ஹோட்டலில் இறக்கிவிட்ட பிறகு காரிலேயே ஸ்வாதியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அது உன் தெருவா? முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேர்த்திருக்க மாட்டீங்க மேடம். அவங்க சொன்னது எல்லாமே பொய். எனக்காகச் சொன்ன பொய். நாளைக்குச் சொல்லாம கொள்ளாம ஒருதரம் போய்ப் பார்த்தீங்கன்னா..."

"ஹெல்கா காலையிலேயே கிளம்பறாங்க." ஸ்வாதி கெட்டவள் இல்லை, கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தாள். "இப்ப நீ சொல்றத நான் எழுதினா, நீ சொந்தத் தெருவுக்காகப் பேசறதாத்தான் ஆகும். உன் படிப்பும் சேர்ந்து போகும். விட்டுடு அருள். நல்லா மொழிபெயர்த்தே."

குழாய் அண்ணனூர்ப் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. அருள்மொழியின் தெருக்காரர்கள் வாங்கி வைத்த கேன்கள் ஒரு வாரத்தில் காலியாயின. அருள்மொழிக்குச் சான்றிதழ் வந்தது. கள மக்களோடு மிகச் சிறப்பாகப் பழகினாள் என்று ஹெல்காவே கையெழுத்துப் போட்டிருந்தாள். கள மக்களாம்! பெற்ற தாய்க்கு இப்படியும் ஒரு பெயர் இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தானா இத்தனை படிப்பு என்று அவளுக்குக் கசந்தது.

சான்றிதழ் பையில் இருக்க வீட்டுக்கு வந்த அன்று, தெருமுனையில் லாரி நின்றது. கெங்கம்மாள் முழங்கை வரை நனைந்து லாரியின் ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மார்க்கு இன்னாடி போட்டாங்க?"

"முழு மார்க்கும்மா."

"பாத்தியாடி தாயம்மா, எம்பொண்ணுக்கு முழு மார்க்கு!" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் கெங்கம்மாள்.

"நாம கேன் வாங்கி வெச்சது வீண் போகல பாரு" என்றாள் தாயம்மா. "ஆபீசரம்மா பின்னாடி நிக்கறதா? வழி வுடுங்கடி, அது முன்னாடி வரட்டும்."

பெண்கள் சிரித்துக்கொண்டே அருள்மொழியை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"தண்ணிக் கொயா எப்ப போடுவாங்களாம்?" என்று கேட்டாள் அம்மா.

"நம்ம தெருவுக்கு இல்லம்மா. வேற தெருவுக்குக் குடுத்துட்டாங்க."

கெங்கம்மாளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அருள்மொழிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி? நாமதான் அந்தம்மாவ அவ்ளோ நல்லா கவனிச்சோமே!"

பதில் அருள்மொழிக்குத் தெரியும். நிரம்பியிருந்த குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.