ஹனீபா காக்காவின் தலையில்லா மாப்பிள்ளைகள்

அஸர் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் சரிந்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தபால் கந்தோரில் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஹனீபா மௌத்தாகிவிட்டார் என்றது அறிவித்தல். நான் எழும்பவில்லை. இந்த வருடம் அடக்கங்களுக்காக மையவாடிக்கு நடந்தே கால் ஓய்ந்துவிட்டது. ஒரு செய்தி உள்ளே இறங்குவதற்கே நேரமெடுக்கிறது. வீதியில் ஒருவர் எந்த ஹனீபா என்று கேட்டார். "மாப்புள ஹனீபா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து சட்டையைத் தேடினேன்.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர் தெரியும். அது வந்த விதம் பலருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு, அவருக்கு அடுத்த கவுண்டரில் இருந்தவன் என்பதால் நான் சொல்லலாம்.

வளைகுடாவிலிருந்து பார்சல்கள் குவிந்த காலம் அது. பெறுபவர் முன்னால் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்போம். மருதமுனைப் பெண்ணொருவருக்குக் குவைத்திலிருந்த தங்கை அனுப்பிய பார்சலில் சவர்க்காரம், துணி, கூடவே ஒரு நீளப் பெட்டி. பெட்டியின் முன்பக்கம் கண்ணாடித் தாள். அதற்குள் கோட்டும் சூட்டுமாய், பல்லெல்லாம் தெரிய ஓர் ஆண் பொம்மை. பெண் பொம்மைக்குத் துணையென்று பொம்மைக் கம்பனிகள் செய்து விற்றது. அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்புளப் புள்ளைக்கு ஆம்புளப் பொம்மையக் குடுத்து என்னத்தப் பழக்கிற?" என்று கேட்டுவிட்டு மற்றச் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹனீபா காக்கா அதை மூன்று மாதம் றாக்கைத் தட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்த பார்சலுக்கு அந்தப் பெண் வந்தபோது நினைவூட்டியும் பார்த்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் அவர்.

பிறகு ஊரில் கதை பரவியது. மாப்பிள்ளைப் பொம்மை வேண்டாத வீடுகளெல்லாம் அவரிடம் கொண்டுவந்து தள்ளின. பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. அவர் கோபிக்கவில்லை, கலியாண வீடுகளில் யாராவது மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் இவரே கையை உயர்த்துவார்.

ஒரே பொம்மையை எதற்கு இத்தனை சேர்க்கிறீர்கள் என்று ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். மூன்று பெட்டிகளைக் கவுண்டரில் வைத்தார். ஒன்றில் கண்ணாடித் தாளின் மூலைகள் வளைவு, இன்னொன்றில் நேர்கோடு. ஒன்றின் பக்கவாட்டில் ஒரு வரி அரபு, மற்றதில் இல்லை. மூன்றாவதின் பின்பக்கத்தில் அதே பொம்மை நீச்சல் காற்சட்டையோடு, வெறும் மேலோடு நிற்கும் படம். எந்தத் துறைமுகத்திலோ ஓர் உத்தியோகத்தர் கறுப்பு மையால் அதற்குச் சேட்டு வரைந்து அனுப்பியிருந்தார். பொத்தான்கூடப் போட்டிருந்தார். "பொம்மை ஒண்டுதான் தம்பி. பெட்டிதான் ஊர் ஊராப் போய் வந்திரிக்கி" என்றார். நான் கொட்டாவி விட்டேன். அவர் மனம் நோகாமல் பெட்டிகளை மூடிவைத்தார்.

அவர் மனைவி, என் மதினி, மக்காவுக்கு உம்றாப் பயணம் போய்வந்த பிறகு வீட்டில் சிக்கல் வந்தது. உருவம் இருக்கிற வீட்டுக்கு றஹ்மத்துடைய வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சண்டை பிடிக்கவில்லை. தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டு, ஐந்து நேரமும் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த தாத்தா, அதாவது தன் மூத்த சகோதரி வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். மாரி மழையில் தன் மனைவி குடையும் பாயுமாய்ப் போவதை ஹனீபா காக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு மௌலவியிடம் போனார். தலையை எடுத்துவிட்டால் அது உருவமல்ல என்று மௌலவி சொன்னார்.

வேறு ஆளென்றால் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்திருப்பார், இல்லாவிட்டால் மனைவியோடு மல்லுக்கு நின்றிருப்பார். இவர் கேத்தலை அடுப்பில் வைத்தார். சுடுநீரில் சற்றுப் பிடித்தால் தலை இளகும்; கழுத்து கிழியாமல் கழற்றலாம். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். லுஹர் தொழுகைக்கு முதல் இருபத்திரண்டு தலைகள் துவாயில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. உடம்புகளைப் பொத்தான் கலையாமல் பழையபடி பெட்டிகளுக்குள் நிறுத்தினார். தலைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் நீட்டினார். "ஒடம்பு என்ட வீட்டில, தலை ஒங்கட வீட்டில. ரெண்டு வீட்டிலயும் முழு ஆள் இல்ல." என் வீட்டு மலக்குமாரின் கதி என்னவென்று கேட்டேன். சிரித்தார். அன்று அஸரை மதினி தன் வீட்டில் தொழுதார்.

என் மனைவிக்கு இந்தத் தீர்ப்புப் பிடிக்கவில்லை. தலைதானே உருவம் என்றார். டின் மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குப் போனது.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வந்து, உரித்துப்போட்ட சட்டை மாதிரிக் கட்டிலில் கிடப்பார். அப்படிக் கிடந்த ஒருநாள் கேட்டார்: "தம்பி, அந்த டின்ன ஒருக்காக் கொண்டு வாங்க. ஒரு நாளைக்கு முழுசாப் பாக்கணும்."

வாற வெள்ளி கொண்டு வருகிறேன் என்றேன். அந்த வெள்ளி மழை. அடுத்த வெள்ளி முழங்கால் வலி. அதற்கடுத்த வெள்ளிக்கு ஒரு காரணமும் இல்லை; சும்மா படுத்துக் கிடந்தேன். மதினி ஏதும் சொல்வார், வருத்தக்காரன் வீட்டில் எதற்கு வீண் மனவருத்தம் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அந்த எண்ணம் எனக்கு வசதியாக இருந்தது. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டால், "வெள்ளி இன்னம் எத்தினையோ இரிக்கி தம்பி" என்பார். ஆறு வெள்ளிக்கிழமைகள் போயின. ஏழாவதற்கு அவர் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். மதினி கணவனை இழந்த பெண்கள் இருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கதைத்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் கொண்டுவரவில்லை என்று சொன்னேன்.

"அவர் முதல்ல என்னட்டத்தான் கேட்ட தம்பி. ஒரு நாள்தானே, கொண்டுவரச் சொல்லுங்க எண்டு நான்தான் சொன்ன. வெள்ளிக்கு வெள்ளி கேத்தல்ல தண்ணியக் கொதிக்க வெச்சிட்டு, பாயையும் எடுத்துக்கிட்டு தாத்தாட வீட்ட போயிருவன். அஸருக்குப் பொறகு வந்து பாப்பன். தண்ணி ஆறிக் கிடக்கும்."

மதினியின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவரிடமே போய் மன்னிப்புக் கேட்க முடியாத இடத்துக்கு ஹனீபா காக்கா போய்விட்டார். படைத்த றப்பு அவருடைய கபுறுக்குழியை விசாலமாக்கி வைக்கட்டும். என் சோம்பலையும் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதினி டின்னை வாங்கவில்லை. பெட்டிகளையும் கொண்டுபோகச் சொல்லி மகளிடம் எடுத்துத் தந்துவிட்டார். இப்போது எல்லாம் என் வீட்டில், என் அறையில். மனைவிதான் அவற்றுக்கு இடம் ஒதுக்கித் தந்தார். ஹனீபா காக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது இருபத்திரண்டு பெட்டிகளும் இருபத்திரண்டு முகங்களும். ஒன்றுபோலச் சிரிக்கும் அவற்றில் எந்த முகம் எந்தப் பெட்டிக்கு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.