மகள் கதை சொன்ன கானா நாட்டுப் படம்

நான் அதிகம் கதைக்காதவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. டேனிஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இங்கே டென்மார்க்கில் பிறந்த என் மகளோ தமிழில் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓகூஸ் நகர நூலகத்தில் கானா நாட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றுக்கு என்னையும் அழைத்துப் போனாள். திரையின் கீழே ஓடிய டேனிஷ் மொழிபெயர்ப்பு வரிகளோடு நான் திணறுவதைக் கண்டு, என் காதருகே தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"தாய் கேக்கிறா, ஏன் சாப்பிடேல்லை எண்டு. அவன் ஒண்டும் சொல்லேல்லை."

"அது எனக்கும் தெரியுது, பிள்ளை."

சிரித்துவிட்டாள்.

படத்தில், வெளிநாடு போய்த் திரும்பிய அந்த மகன் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தான். பேய் பிடித்துவிட்டதென்று அதை விரட்ட ஊரார் மேளம் அடித்தார்கள். என் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்பா, அழுறீங்களோ?"

"நானும் வந்த புதுசில அகதிக் காம்பில பயத்தில இப்பிடித்தான் கிடந்தனான்."

மனைவிக்குக்கூடச் சொல்லாத விஷயம் அது. மகள் படத்தை மறந்து என் பக்கம் திரும்பினாள்.

"பிறகு?"

எழுந்து வெளியே வந்தோம். தரிப்பிடத்தில் பஸ்களைப் போகவிட்டுக் கதைத்துக்கொண்டே இருந்தோம். படத்தின் முடிவு இருவருக்கும் தெரியாது.

மகள் இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறாள். அந்த மாலையை அடிக்கடி நினைப்பேன். தகப்பனும் ஒருகாலத்தில் பயந்து கிடந்தான் என்பதை அறிய அவள் அத்தனை காலம் காத்திருந்திருக்கிறாள். எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.