பார்ட்லி கூவிய பெயர்

பார்ட்லி டெஸ்மண்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரயில் வந்து நின்றதும் ஊர்ப் பெயரைக் கூவுவதும் பெட்டி தூக்குவதும்தான் அவன் வேலை. அமெரிக்கக் கப்பல் ஏறப் போகிற சனமெல்லாம் அவன் குரலைக் கேட்டுத்தான் இறங்கும்.

எங்கள் ஊர் என்றைக்கும் கோவ்தான். 1849-ல் எங்களை ஆண்ட ராணி லண்டனிலிருந்து வந்து கரையில் கொஞ்ச நேரம் கால் வைத்தாள். அதற்காக ஊரையே ராணியின் ஊர் என்று குயின்ஸ்டவுன் ஆக்கிவிட்டார்கள். என்ன கொழுப்பு! 1920 கோடையில் நகரசபை பழைய பெயரை மீட்டது. ரயில்காரர்கள் மட்டும் நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தொடவில்லை. பார்ட்லியோ மறுநாளே "கோவ்! கோவ்!" என்று கூவத் தொடங்கினான்.

கார்க் நகரிலிருந்து மேலதிகாரி பர்விஸ் வந்து நின்றார்.

"பலகையில இருக்கிறதைத்தான் கூவணும். வெளியூர்ச் சனம் ஊர் தெரியாம வண்டியிலயே உட்கார்ந்துட்டா?"

"எங்கய்யா போவாங்க? தண்டவாளம் முடிஞ்சா கடல்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பர்விசுக்கு முகம் சிவந்தது. "நாளைக்கும் அந்தப் பேர் காதுல விழுந்தா உனக்கு வேலை இல்லை."

வீட்டில் அவன் மனைவி அப்பி பன்றிக்கால் வேகவைத்துக்கொண்டிருந்தாள். நாலு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில்.

"பேரை வேகவச்சுத் திங்கவா முடியும்?" என்றாள்.

"அந்த ராணியை மட்டும் திங்க முடியுமாடி?"

கரண்டியை ஓங்கியவள் சிரித்துவிட்டாள். "கூவுறதுன்னு முடிவு பண்ணிட்டே. அப்ப முனகித் தொலைக்காதே. அந்தாளு காது கிழியக் கூவு."

கிழியத்தான் கூவினான். வேலை போயிற்று.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் மறுநாள் மைத்துனனின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கினான். நிலைய வாசலுக்கு வெளியே தெருவில் போய் நின்றான். தெரு நகரசபையுடையது; அங்கே எவனும் அவனை அதட்ட முடியாது. உள்ளே புது ஆள் "குயின்ஸ்டவுன்" என்று வாய்க்குள் சொன்னான். வெளியே பார்ட்லி "கோவ்!" என்று முழங்கினான். ஊர்க்காரர்கள் ஒருவரும் உள்ளே பெட்டியைக் கொடுக்கவில்லை. கிழவிகள்கூட மூச்சு வாங்க வாசல்வரை இழுத்து வந்து அவன் வண்டியில்தான் போட்டார்கள்.

ஒருவழியாக ரயில்காரர்களும் பலகையை மாற்றினார்கள். பர்விஸே தெருவுக்கு இறங்கி வந்தார்.

"வேலைக்குத் திரும்பி வந்துடு, பார்ட்லி. இனிமே அந்தப் பேரையே கூவிக்கோ. நான் அனுமதி தரேன்."

"நீங்க யாருய்யா அனுமதி தர? வழியை விடுங்க, வண்டி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, பார்ட்லி அவர் காதருகிலேயே கூவினான்.