கடைசிப் புள்ளியில் அடித்த பிளாஷ்

கந்தப்பளையில் சிறியதொரு ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரம் பார்த்து, நேர் எதிரே போய் பிளாஷ் அடித்தே பழகியவன் நான்.

என் மகள் பாடசாலை பட்மிண்டன் அணியில் இருந்தாள். மண்டபத்துக்குள் நான் எடுத்த படங்களிலெல்லாம் அவள் மங்கலாகவே விழுவாள்.

"ஒரு படமாவது தெளிவா எடுங்கப்பா" என்று கேட்டிருந்தாள்.

மாகாணப் போட்டி இறுதியாட்டத்தில் இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் அவளுக்கு வெற்றி. கல்யாண வீட்டுப் பழக்கத்தில் எதிராளியின் பின்னால் போய் நின்றேன். மகள் எம்பி அடித்த கணத்தில் பிளாஷ் அடித்தேன். இறகுப்பந்து வலையில் விழுந்தது. அதன்பின் அவள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்துதான் படத்தைப் பார்த்தேன். அந்தரத்தில் நின்ற பந்தின் இறகுகளைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மகளின் கண்கள் மட்டும் இறுக மூடியிருந்தன.

"நடுவர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அத்தனை பேருக்கும் முன்னால உங்கள வெளிய போகச் சொல்லியிருப்பாங்கப்பா."

இப்போது எந்த விளையாட்டு மண்டபத்துக்கும் நான் பிளாஷ் கொண்டுபோவதில்லை. ஓரமாக நின்று, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுக்கிறேன். மங்கலாக வந்தால் வரட்டும். எடுப்பதெல்லாம் மற்றவர்களின் பிள்ளைகளைத்தான். என் மகள் அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை.