304-ஆம் அறையின் ஒரே விருந்தாளி

டயர் கடைக்கு மேல்மாடியில் ஓர் ஓட்டல் இருந்தது. வரவேற்பு மேசை உண்டு, தட்டினால் ஒலிக்கும் மணி உண்டு, சுவரில் வரிசை வரிசையாகச் சாவிக் கொக்கிகள் உண்டு. தொங்கியது மட்டும் ஒரே சாவி, ஏனென்றால் இருந்தது ஒரே அறை. அதன் எண் 304. ஒன்று என்று போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று முதலாளி நினைத்தார். லிஃப்ட் கிடையாது. அதற்குப் பதிலாக வராந்தாவில் தட்டுகள் கழற்றிய ஓர் இரும்பு அலமாரி நின்றது. பெட்டி தூக்கும் மாணவனும் விருந்தாளியும் அதற்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் சற்று நேரம் நிற்க வேண்டும். பிறகு மாணவன் "மூணாவது மாடி, சார்" என்று பணிவாகக் கதவைத் திறப்பான். இருவரும் ஏறிய இடத்திலேயே இறங்குவார்கள்.

ஓட்டல் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளி அது. நம்மவர் அங்கே மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. விருந்தாளி. அதுதான் அவருடைய உத்தியோகம். காலையில் வந்து அறை எடுப்பார், மாலையில் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போவார். நாளடைவில் தெருவில் இருப்பவர்களும் அவரை விருந்தாளி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

உண்மையில் அவர் அங்கே வந்தது காவல்காரர் வேலை கேட்டு. அன்றைக்குப் பார்த்துப் பள்ளியில் ஒரு புது வகுப்புக்கு முதல் பயிற்சி நாள். படியேறி வந்தவர் மீது மாணவர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டான். இன்னொருத்தி பயணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாக அவர் உண்மையைச் சொன்னார். அலமாரிக்குள் ஏற்றினார்கள், இறக்கினார்கள், கட்டிலில் உட்காரவைத்து சூப் கொடுத்தார்கள். ஏதோ ஆள் மாறாட்டம் என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கைக்கு வந்த சூப்பை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு கரண்டி வாயில் விட்டவர், "ஆறிப்போச்சே" என்றார்.

வராந்தாப் பக்கத்துக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி துள்ளிக் குதித்து உள்ளே வந்தார். பல வருஷம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தை நடத்தியவர் அவர். எல்லோருக்கும் அவர் 'கப்பல்'தான். விருந்தாளியாக நடிக்க அதுவரை மாணவர்களின் சித்தப்பா, அத்தைகளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்களோ எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்றார்கள். பிரமாதம் என்கிறவர்களை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை தொழில் கற்கும்? கப்பல் அவரை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார். காவல்காரர் வேலை வரிசையில் பின்னால் நின்றவருக்குப் போயிற்று.

விருந்தாளிக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். கனம் வேண்டும் என்பதற்காக உள்ளே துண்டு சுற்றிய செங்கற்கள். அவர் தனியாகத் தேனிலவுக்கு வந்த புது மாப்பிள்ளையாக இருப்பார், சாமான் தொலைத்த வியாபாரியாக இருப்பார், சுவரில் அடுத்த அறைச் சத்தம் கேட்கிறது என்று இல்லாத அறையின் மீது குற்றம் சொல்வார். கடல் தெரியும் அறை கேட்டேனே, டயர் தெரிகிறதே என்பார். சன்னலைத் திறந்தால் உண்மையிலேயே டயர்தான் தெரியும்.

புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் கப்பல் ஒரு பேச்சு வைத்திருந்தார். மனிதன் வீட்டை விட்டு வெளியே கால் வைத்ததும் இன்னொருவனுக்கு வேலை பிறக்கிறது என்று ஆரம்பிப்பார். வரவேற்பில் நிற்கலாம், அறைகளைப் பராமரிக்கலாம், சமையலறைக்குள் போகலாம், மேசையில் பரிமாறலாம், கணக்குப் பார்க்கலாம், பெரிய கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்யலாம். ஓட்டல்தான் என்றில்லை. கப்பல், விமானம், ஆஸ்பத்திரி, ஆபீஸ் கேன்டீன் எல்லாம் இந்தத் தொழில்தான். "படுத்த படுக்கையா இருக்கிறவனும் ஒரு விருந்தாளிதான்" என்று முடிக்கும்போது, அவர் கை 304-ஐக் காட்டும். உள்ளே நம்மவர் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

சங்கடம் வீட்டில் ஆரம்பித்தது. நாள் முழுதும் குறை சொல்லிப் பழகிய நாக்கு, மாலையானால் மட்டும் எப்படி அடங்கும்? டீயை வாயில் வைப்பார். வைத்துவிட்டு, "இது நான் எதிர்பார்த்த சூட்டுல இல்ல. இதுக்கு நீங்க என்ன செய்யப்போறீங்க?" என்பார். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறது என்பார். தலையணை உறை மாற்றி எத்தனை நாளாயிற்று என்று பணிவாக விசாரிப்பார். காலேஜ் போகும் மகள் ஒரு தடவை, "அம்மா, அப்பாவுக்கு செக்-அவுட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

மனைவி வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் முன்னால் டீயை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க இப்படியெல்லாம் பேசறதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு, அங்கே படிச்சு முடிச்சவங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாமே?"

"ஆமா. அதுக்குன்னே வரவேற்புல ஆள் வெப்பாங்க."

"நான் இங்க இத்தனை வருஷமா சும்மாவே நின்னுட்டிருக்கேன்."

அடுத்த வகுப்பில் அவள் சேர்ந்துவிட்டாள்.

காலையில் ஒரே பஸ்ஸில் இருவரும் வருவார்கள். படியேறியதும் அவள் கோட்டு மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய்விடுவாள். அவர் வெளியே சற்று நின்று, அப்போதுதான் வந்தவர் போல உள்ளே நுழைவார். "நல்வரவு சார். பெயர் சொல்ல முடியுமா?" என்பாள், தாலி கட்டிக்கொண்டவள் மாதிரியே இல்லாமல். அவரும் மேடம் என்பார். அவள் அளவுக்கு அவரோடு பொறுமையாக இருந்த மாணவி வேறு யாரும் இல்லை என்று கப்பல் வியந்தார். வீட்டில் மட்டும் நிலைமை மோசமானது. டீ ஆறியிருக்கிறது என்று அவர் வாய் திறந்தால், "நான் இப்போ டியூட்டில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கடைசித் தேர்வு நெருங்கியபோது ஒரு செய்தி வந்தது. நகரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் பெரிய ஓட்டலில் இருந்து ஓர் அதிகாரி தேர்வைப் பார்க்க வருகிறார். வரவேற்புக்கு ஒரே ஓர் ஆள் எடுப்பார். தேர்வு விதியோ எளிது. விருந்தாளி ஒரு புகார் சொல்வார். அரை மணி நேரத்துக்குள் அவர் தன் வாயாலேயே அதைத் திரும்பப் பெற வேண்டும். பெற்றால் பாஸ்.

மனைவிக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், தூக்கத்தில் கூட "மன்னிக்கணும் சார்" என்று முனகும் அளவுக்கு வேண்டும். முந்தின நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு நான் பாஸானா, புருஷன் போட்ட பாஸ்னு சொல்லுவாங்க. ஃபெயிலானா ஆயுசுக்கும் உங்களை விடமாட்டேன். அதனால ஒழுங்கா குறை சொல்லுங்க."

"ஒழுங்கான்னா?"

"எனக்குன்னு சுலபமாவும் வேணாம், எனக்குன்னு கஷ்டமாவும் வேணாம்."

விருந்தாளி ராத்திரியெல்லாம் யோசித்தார். கடைசியில், எல்லோருக்கும் ஒரே புகார்தான் என்று தீர்மானித்தார். அவர் கைவசம் உள்ளதிலேயே கடினமானது. இதுவரை எந்த மாணவனும் தீர்த்துவைக்காதது: தூக்கம் வரவில்லை.

தேர்வு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே கப்பலும், பெரிய ஓட்டல் அதிகாரியும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதிகாரி கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி அணிந்த அம்மாள். அதை மாட்டும்போது கூர்ந்து பார்க்கிறார், கழற்றும்போது இன்னும் கூர்ந்து பார்க்கிறார்.

முதலில் வந்த பையன் தலையணையை மாற்றினான். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கட்டிலில் விருந்தாளிக்கு இடம் இல்லாமல் போனபோது நேரம் முடிந்து மணி அடித்தது. அடுத்து வந்த பெண் கெட்டிக்காரி. அறையே சரியில்லை, வேறு அறைக்கு மாற்றுகிறேன் என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரை அலமாரிக்குள் ஏற்றி, இருட்டில் சற்று அதிக நேரம் நிறுத்தி, மறுபடி 304-க்கே அழைத்து வந்து, இது மேல்தள அறை என்றாள். சன்னலில் அதே டயர்கள். தூக்கம் வரவில்லை என்றார் விருந்தாளி.

மூன்றாவதாக மனைவி வந்தாள்.

"கூப்பிட்டிருந்தீங்களா சார்?"

"தூக்கம் வரல, மேடம்."

அவள் தலையணையைப் பார்க்கவில்லை, திரையைத் தொடவில்லை. உட்காரலாமா என்று அனுமதி கேட்டு, கட்டிலோரத்து நாற்காலியில் அமர்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"சில விஷயங்களை உங்க கவனத்துக்குக் கொண்டுவரலாமா சார்?"

"ம்."

"பாத்ரூம் குழாய் சொட்டிட்டே இருக்கு சார். வாஷர் மாத்தணும்னு ஏற்கெனவே தெரிவிச்சிருந்தோம். அப்புறம் உங்க அண்ணி வருத்தமா இருக்காங்க சார். இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பார்க்கமாட்டாரா, போன் பண்ணினா தேஞ்சா போயிடுவாருன்னு கேக்கறாங்க. மாடியில கொடிக்கயிறு இத்துப்போயிருக்கு சார். துணி காயப்போடும்போதெல்லாம்…"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் சாப்பிட்டுவிட்டு விருந்தாளி படுப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டு விஷயங்களை எடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயமும் முடிவு வரை போனதில்லை. அவர் தூங்கிவிடுவார். அது அவருடைய கெட்ட குணம் என்றுதான் இத்தனை நாள் அவளும் நினைத்திருந்தாள்.

அவர் போராடினார் என்பதற்குக் கண்ணாடிச் சன்னல் சாட்சி. தொழிலின் மானத்துக்காகத் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டார். குழாயில் கண் செருகியது. அண்ணி வந்ததும் தாடை தளர்ந்தது. கொடிக்கயிறு அறுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

மனைவி எழுந்தாள். சன்னல் திரையை இழுத்துவிட்டாள். போர்வையை இடுப்பு வரை ஏற்றினாள். சத்தம் வராமல் கதவைச் சாத்தி, பிடியில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையைத் தொங்கவிட்டு வெளியே நின்றாள்.

கப்பல் எழுந்து வந்தார். நேரம் இன்னும் மிச்சமிருந்தது. அவருக்கும் அவள் பாஸாக வேண்டும் என்று ஆசைதான்.

"எழுப்பி ஒரு வார்த்தை கேளும்மா. சரியாப்போச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும். முடிஞ்சது."

"தூங்கறவரை எழுப்பி, தூக்கம் வந்துச்சான்னு கேக்கறதா சார்?"

"விதி அப்படி. நீ கேக்கலன்னா நான் கேக்கறேன்."

அவள் நகரவில்லை. "மன்னிக்கணும் சார். 304 ஓய்வுல இருக்கார்."

"நான் இந்த ஓட்டலோட முதலாளிம்மா."

"தெரியும் சார். முன்னாடி உட்காருங்க, அவர் எழுந்ததும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கப்பல் போய் உட்கார்ந்தார். காபி வந்தது, குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அரை மணி ஆகிவிட்டது. மணி அடித்தது. உள்ளே குறட்டை ஒரு கணம் நின்று, திரும்பிப் படுத்து, தொடர்ந்தது.

விதி விதிதான் என்று கப்பல் அவளுக்கு ஃபெயில் போட்டார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கணக்குல ஃபெயில், ஒத்துக்கறேன். எனக்கு இவங்கதான் வேணும்" என்றார். முதலாளியையே வாசலில் நிறுத்தி, அவர் காபியையே அவருக்குக் கொடுத்து உட்காரவைக்கிற ஆளை, வேறு எங்கே போய்த் தேடுவது என்றும் கேட்டார்.

விருந்தாளி கண் விழித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. மணியைத் தட்டினார், யாரும் வரவில்லை. படிக்கட்டில் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் காவல்காரர், அதாவது அன்றைக்கு வரிசையில் பின்னால் நின்றவர், உட்கார்ந்திருந்தார். திறக்கச் சொன்னார் விருந்தாளி.

"304 தூங்கறார், யாரும் போகவும் வேணாம் வரவும் வேணாம்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்."

"நான்தானய்யா 304."

காவல்காரர் கம்பி வழியாக வராந்தாவை எட்டிப் பார்த்தார். "அட்டை இன்னும் தொங்குதே சார்."

விருந்தாளி திரும்பிப் போய் அட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். அதன் பிறகுதான் பூட்டு திறந்தது.

வீட்டில் மகள்தான் செய்தியைச் சொன்னாள், அம்மா ஃபெயில், வேலை கிடைத்துவிட்டது என்று. அவர் நேரே சமையலறைக்குப் போய், தூக்கம் நன்றாக வந்ததாகவும், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் மனைவியிடம் சொன்னார். நேரம் முடிந்துவிட்டது என்றாள் அவள். பள்ளி வாசலில் இப்போது அவளுடைய படத்தைப் பெரிதாகப் போட்டு, எங்கள் மாணவி என்று எழுதி வைத்திருக்கிறார் கப்பல். ஃபெயிலான விஷயம் அதில் இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளுக்கு டியூட்டி. விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். தலையணையை மாற்றிப் பார்த்தார். மகளுடைய அறையில் போய்ப் படுத்தார், திரும்பி வந்தார். சற்று நேரம் துணி அலமாரிக்குள் கூட நின்று பார்த்தார் என்று மகள் சொல்கிறாள். கடைசியில் போனை எடுத்தார்.

"வணக்கம், வரவேற்பு. என்ன உதவி வேணும் சார்?"

"தூக்கம் வரல."

அந்தப் பக்கம் ஒரு பெட்டி சக்கரத்தில் உருண்டு போகும் சத்தம். பிறகு குரல், அதே பணிவோடு.

"எந்த அறைங்க சார்?"

அவர் கூரையைப் பார்த்தார். "304."

"குழாய் இன்னும் சொட்டுது சார்" என்றாள் அவள்.

அண்ணி வரை கூடப் போகவில்லை. நெஞ்சில் சரிந்த போனை மகள் எடுத்தாள்.

"அப்பா தூங்கிட்டார்மா."

"புகாரைத் திரும்ப வாங்கிட்டாரா?"

"இல்ல. குறட்டைதான்."

"சரி, எழுப்பாதே. கதவைச் சாத்திட்டு வா. எழுந்ததும் முதல்ல வாஷர் வாங்கிட்டு வரச் சொல்லு."