ஆணித் துளை உள்ள கட்டை

போன வாரம் ஜெயந்தி டீச்சர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தார். துடுப்பு மாதிரி ஒரு மரக்கட்டை. ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் உள்ளங்கை அகலப் பலகை. பலகையில் பள்ளமாகச் செதுக்கிய ஒரு 'ஸ்ரீ'. கைப்பிடி முனையில் ஓர் ஆணித் துளை. "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கீழே எழுதியிருந்தார்.

இந்த குரூப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துப் பழைய சாமான் கடைகளில் எதையாவது வாங்கி வந்து, அது எதற்கு ஆனது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ரிட்டயர்டு ஆட்களின் கூட்டம். நான் மன்னார்குடியில் இருந்தபடி அதில் இருக்கிறேன். நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பொழுது போக வேண்டாமா?

போன வருஷம் ஒருவர் நீளமான பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றை வாங்கினார். கல்யாணத்தில் பன்னீர் தெளிப்பது என்று குரூப்பே ஏகமனதாக முடிவு செய்தது. அவரும் தன் மகள் கல்யாணத்தில் வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தி, வருகிறவர்கள் மேலெல்லாம் அதில் பன்னீர் அடிக்க வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் அதே மாதிரி ஒன்று கிடந்தது. எனிமா கொடுக்கிற குழல் அது. எங்கள் ஹெட் நர்ஸ் அதைத் தொட்ட கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கல்யாணம் முடிந்து சாப்பாடும் செரித்த பிறகு நான் உண்மையைச் சொன்னேன். அதில் இருந்து குரூப்பில் எனக்கு 'குசும்பு சிஸ்டர்' என்று பெயர். நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் படிப்பார்கள்.

இந்தக் கட்டைக்கும் பதில்கள் வந்து விழுந்தன. அதிரசம் தட்டுகிற கட்டை என்றார் ஒருவர். துணிக்கு அச்சுக் குத்துவது என்றார் இன்னொருவர். ரிட்டயர்டு என்ஜினீயர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பார் போல. "அச்சுக் கட்டை என்றால் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும். இதில் நேராக இருக்கிறது. எனவே இது அச்சே அல்ல. பூஜையறையில் மாட்டும் பலகை. ஆணித் துளையைக் கவனிக்கவும்" என்று எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயந்தி டீச்சர், "ஆமாங்க, ஏதோ பழைய மிராசுதார் வீட்டை இடிச்சப்ப வந்ததாம், கடைக்காரர் சொன்னார்" என்று ஊர்ப் பெயரையும் போட்டார்.

நான் பிறந்த ஊர்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சமையலறைக்குப் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் நின்றேன். மூக்கில் புது வைக்கோல் வாசனையும் ஈரக் களிமண் வாசனையும் ஏறிவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் இப்போது வைக்கோலும் கிடையாது, களிமண்ணும் கிடையாது. எல்லாம் சிமெண்டு.

அது அச்சுக் கட்டைதான். அந்தக் காலத்தில் அறுத்து அடித்துத் தூற்றிய நெல்லைக் களத்திலேயே மலை மாதிரி குவித்து வைப்பார்கள். அம்பாரம் என்போம். அளக்க ஆள் வருகிற வரை அது அங்கேயே கிடக்கும். அது வரைக்கும் கூலி நெல்லும் கிடையாது. அம்பாரத்தைச் சுற்றி அங்கங்கே ஈரக் களிமண்ணை அடை மாதிரி அப்பி, அதன் மேல் பண்ணையின் காரியஸ்தர் இந்த மாதிரிக் கட்டையை அழுத்தி முத்திரை வைத்துவிட்டுப் போவார். நெல்லில் யாராவது கை வைத்தால் சரிந்து முத்திரை உடையும். உடைந்தால் திருட்டு. அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

அந்த வருஷம் களத்துக் காவல் என் அப்பாவுக்கு. அப்பா நல்ல உயரம், ஆனால் பண்ணைக்காரர்கள் முன்னால் நிற்கும்போது எங்கள் தெரு ஆண்கள் எல்லோருமே ஒரே உயரம்தான். காரியஸ்தர் முத்திரை வைத்துவிட்டு மன்னார்குடிக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். மத்தியானம் எங்கிருந்தோ ஓர் ஆடு ஓடி வந்து அம்பாரத்தில் ஏறியது. அப்பா விரட்டினார். அது இறங்குகிற வேகத்தில் ஒரு முத்திரையை மிதித்து உடைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆடு மிதித்தது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு முந்தின அறுவடையில் ஒருத்தர் மழை கரைத்தது என்று சொன்னார். உண்மையிலேயே மழைதான் கரைத்தது. அவரைத் தென்னை மரத்தில் கட்டி வைத்ததை ஊரே பார்த்தது.

அப்பா ஒரு பூவரசங்கட்டையை எடுத்துக்கொண்டு வைக்கோல் போர் மறைவில் உட்கார்ந்தார். உடையாமல் இருந்த பக்கத்து முத்திரையைப் பார்த்துப் பார்த்து, கத்தி முனையால் அதே மாதிரி செதுக்கினார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த 'ஸ்ரீ' அவருக்கு ஒரு கோலம் மாதிரி. கோலம் பிசகாமல் அப்படியே செதுக்கிவிட்டார். பொழுது சாய்வதற்குள் களிமண் குழைத்து அப்பி, அழுத்தி, கட்டையைப் போருக்குள் சொருகிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு கேட்டபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடியெல்லாம் மரச் சீவல். "என்னப்பா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல ஆயி" என்று தட்டிவிட்டார்.

நேராகச் செதுக்கினால் திரும்பி விழும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மறுநாள் காரியஸ்தர் அம்பாரத்தைச் சுற்றி வந்தார். அந்த முத்திரை முன்னால் நின்றார். அம்மா அங்கே தூற்றிக்கொண்டிருந்தாள், அவள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"என்னடா இது, ஸ்ரீதேவி ஒனக்கு முதுகு காட்டிகிட்டு நிக்கிறா?"

"ஆடு மிதிச்சிருச்சுங்க ஆண்ட. ஒரு மணி எடுக்கலைங்க."

கட்டி வைக்கவில்லை, அடிக்கவில்லை. சிரித்தார். வந்திருந்த நெல் வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் சிரித்தார். போரைக் கலைத்துக் கட்டையை எடுத்தார்கள். நெல்லை அளந்தார்கள். அளந்தால் இருப்பதுதானே தெரியும்? முன்னால் எவ்வளவு இருந்தது என்பதை யாரும் அளந்து வைக்கவில்லை, அதற்குப் பதிலாகத்தானே முத்திரையே. ஆகவே அப்பா எடுக்கவில்லை என்று நிரூபிக்க வழியே இல்லை. கள்ள முத்திரை போட்டவன் ஏன் போட்டான்? திருடியதால் போட்டான்.

கட்டையின் பிடியில் ஆணி அடித்துக் களத்து மேட்டுத் தூணில் மாட்டினார்கள். அறுவடை முடிகிற வரைக்கும் அது அங்கே தொங்கியது, பிறகு பண்ணை வீட்டுக்குப் போனது. நான் பள்ளிக்கூடம் போகிற வழி அது. இப்போது சொல்லுங்கள், அந்தத் துளை எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்பாவுக்கு ஊரில் பெயரே கள்ள முத்திரை என்று ஆகிவிட்டது. எந்தக் களத்திலும் வேலை இல்லை. சீர்காழிப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனோம். செங்கல் சூளையில் மண் மிதித்தார். அதற்குப் பிறகு அவர் நெல்லைத் தொட்டதே இல்லை. என் கல்யாணத்தில் அட்சதைத் தட்டு வந்தபோது, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார். ஐயோ, நான் மணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படத்தைப் பார்த்த அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டேன். அந்தக் கால ஆள் என்று மாணிக்கம் ஒருத்தர்தான் மிச்சம், எங்கள் அடுத்த வீடு. ஒரே ஒருத்தராவது, ஒங்கப்பா எடுக்கல புள்ள, என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அப்பா பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. வீட்டு அடையாளம் சொன்னேன், தெரியவில்லை. கடைசியில், "யாரு, கள்ள முத்திரை மவளா? அட, நல்லாருக்கியா தாயி?" என்றார். அத்தனை சந்தோஷமாகக் கேட்டார். நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கட்டையையாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று நேற்று கும்பகோணம் பஸ் ஏறினேன். ஜெயந்தி டீச்சர் நல்ல மனுஷி. காபி கொடுத்து, கையைப் பிடித்துப் பூஜையறைக்கு அழைத்துப் போனார். சாமி படங்களுக்கு நடுவில், அதே துளையில் புது ஆணி அடித்து மாட்டியிருந்தார். பள்ளம் நிறையக் குழைத்த சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

"இது வந்த நேரம், பேத்திக்கு வரன் அமைஞ்சிருக்கு சிஸ்டர்."

இதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? எடுத்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். கையில் வாங்கி, என்னையறியாமல் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். சந்தனம் ஈரமாக இருந்தது. எடுத்தபோது கையில் 'ஸ்ரீ' திரும்பி நின்றது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அட, அப்ப இது அச்சுதானா! யாரோ விவரமில்லாதவன் தப்பாச் செதுக்கிட்டான் போல."

"எங்க அப்பாதான் டீச்சர்" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க குசும்பு இருக்கே! எனிமாக் குழலுக்கு அப்புறம் இதுவா? சாமி விஷயத்துலகூட வுட மாட்டீங்களா?" கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன். கட்டையை மாட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வயலுக்குள் மெஷின் ஒன்று அறுத்துக்கொண்டு போனது. அதன் வாயில் இருந்து நெல் நேராக டிராக்டர் பெட்டியில் கொட்டியது, அங்கிருந்து மூட்டைக்குப் போகும். அம்பாரம் கிடையாது, களம் பிளாட் ஆகிவிட்டது, முத்திரை என்றால் யாருக்கும் தெரியாது. காரியஸ்தர் இல்லை, ஆடும் இல்லை, அப்பாவும் இல்லை. போனால் போகட்டும், அந்தக் களமும் முத்திரையும் எனக்கு வேண்டாம். ஆனால் அவர் திருடவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்வதற்கு வேண்டியதெல்லாம் அதோடு சேர்ந்து போய்விட்டது. அவர் திருடினார் என்பது மட்டும் மாணிக்கத்தின் வாயில் இன்னும் இருக்கிறது, அவருக்கும் வயதாகிவிட்டது.

கையைக் கழுவாமல் மடியில் விரித்தே வைத்திருந்தேன். மன்னார்குடி வருவதற்குள் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது.